தலைகீழா போவுது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கம்ப்யூட்டரைக் கண்டால் ஆகாது. திண்டிவனத்தில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். துணியைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தைப்பேன். பட்டனைத் தட்டு, படத்தைப் பார் என்றால் எரிச்சல் வந்துவிடும். ஆனாலும் எங்கள் அண்ணன் ஆரோக்கியராஜைப் பற்றிச் சொல்வதென்றால், அந்தப் பாழாய்ப்போன பெட்டிகள் இரண்டையும் விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

அண்ணன் விழுப்புரத்தில் இருக்கிறான். ஒரு சர்க்கரை ஆலையில் எடைமேடை கிளார்க்காக இருந்து இந்த வருஷம்தான் ரிட்டையர் ஆனான். முகையூர், திருவெண்ணெய்நல்லூர் பக்கமிருந்து கரும்பு ஏற்றி வருகிற வண்டிக்காரர்கள், "இன்னிக்கி எடையில யாரு, ஆரோக்கியம் சாரா?" என்று கேட்பார்களாம். ஆமாம் என்றால் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவார்களாம். அப்படி ஒரு பேர். எடை நின்ற பிறகும் இன்னொரு தரம் பார்ப்பான். வண்டியை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்வான். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்தாலும் காதில் வாங்க மாட்டான். "சந்தேகம் இருந்தா சீட்டு எழுதக் கூடாது" என்பான். அந்தச் சந்தேகம் எங்கே வந்து அவனிடம் ஒட்டிக்கொண்டது என்பது எனக்குத் தெரியும்.

ரிட்டையர் ஆன பிறகு ஒருநாள் அண்ணி சவுரியம்மாள் போன் செய்தாள்.

"கலை, உங்க அண்ணன் அந்தப் பெட்டி ரெண்டையும் பழைய சாமான்காரனுக்குப் போடப் போறாராம். நாளைக்கி வரச் சொல்லிட்டாரு."

"நல்லதாப் போச்சி. அலமாரி காலியாவும். உனக்கு சந்தோஷம்தானே?"

"சந்தோஷமாத்தான் இருக்கணும். இல்லியே. நேத்துலேர்ந்து அதுங்களைத் துடைச்சிக்கினே உக்காந்திருக்காரு. பொணத்தைக் குளிப்பாட்டற மாதிரி இருக்குது, பாக்க முடியல. சாப்பிடக் கூப்பிட்டா 'எனக்கு வரல சவுரி, வரவே இல்ல'ன்றாரு. இன்னா வரலன்னு கேட்டா திரும்பத் துடைக்க ஆரம்பிச்சிடறாரு. நீ ஒரு நடை வந்துட்டுப் போயேன்."

என்ன வரவில்லை என்று அண்ணிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அது ஆரம்பித்தபோது எனக்குப் பதினைந்து வயசு, அண்ணன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். எங்களுக்கு அவர் பாரிஸ் மாமா. பையனுக்கென்று அங்கிருந்து ஆம்ஸ்ட்ராட் என்று ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்திருந்தார். பையனுக்குப் பந்து உதைக்கத்தான் பிடித்தது. லீவுக்குப் போன எங்கள் அண்ணன் அதன் முன்னால் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. "எடுத்துக்கினு போடா, என் ஊட்ல இடமாச்சும் மிச்சமாவட்டும்" என்று மாமா தூக்கிக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் ஸ்கிரீனை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். கீபோர்டு என் மடியில். கிளியனூர் தாண்டுகிறவரை கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடு, லக்கேஜ் டிக்கெட் எடு என்று எங்கள் உயிரை வாங்கினார்.

அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கியவர். எங்களுக்கு ஒற்றை அறை வீடு. அந்த அறையில் பிரான்ஸ் பெட்டி ஒன்று பச்சைப் பச்சையாக எழுத்துக் காட்டிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. கூடவே ஒரு கேசட் வந்திருந்தது. விண்வெளிக் கப்பல்கள் வரிசையாக இறங்கி வரும்; நாம் சுட வேண்டும். அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தானே ஒன்று எழுதினான். கப்பலுக்குப் பதில் காக்கை. வலது பக்கத்திலிருந்து கூட்டமாக வரும். இடது பக்கம் களத்தில் மல்லாட்டை காய்கிறது. ஒரு பெண் உண்டிவில்லோடு மேலும் கீழும் ஓடிக் காக்கையை அடிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கலை என்று என் பெயரையே வைத்திருந்தான். தோற்றுப்போனால் ஸ்கிரீன் நிறைய 'பேஜாரு' என்று இங்கிலீஷ் எழுத்தில் வரும். வேறென்ன போடுவான்? எங்கள் தெருவில் எல்லாத் தொல்லைக்கும் அந்த ஒரு வார்த்தைதான்.

கீபோர்டின் இடது ஓரத்தில் மேலே ஒரு கீ, அதற்குக் கீழே ஒரு கீ. மேல் கீயை அழுத்தினால் கலை மேலே போவாள், கீழ் கீயை அழுத்தினால் கீழே வருவாள். கல் விடுவதற்கு நீளமான கீ. எனக்கு அவ்வளவுதான் தெரியும், அது போதும். ஆட்டத்தை எழுதினவன் அண்ணன்தான் என்றாலும் அவனுக்கு ஆட வராது. ஒவ்வொரு கீயாகத் தேடி, பதமாக அழுத்தி, இரண்டாவது கூட்டம் வருவதற்குள் பேஜாரு ஆகிவிடுவான். நான் உட்கார்ந்தால் காக்கை இனமே காலி. என் கண் ஸ்கிரீனை விட்டு நகராது. கை தன்பாட்டுக்கு ஓடும். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். "இன்னா போடு போடுது பாரு இந்தப் பொண்ணு!" என்பார்கள். எனக்குத் தலை கால் புரியாது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் படித்த பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியது. பிபிசி மைக்ரோ என்று பேர். "ரேடியோவுல நியூஸ் சொல்றானே, அந்த பிபிசியாடா?" என்று அப்பா கேட்டார். பிசிக்ஸ் எடுத்த பாண்டுரங்கன் சாரிடம் அதன் அறைச் சாவி இருந்தது. அவர் அண்ணனைக் கூப்பிட்டு, "நம்ப எக்ஸிபிஷனுக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரரு வர்றாரு. உன் காக்கா ஆட்டத்தை இந்த மிஷின்ல ஓட்டிக் காட்டு. அவருக்குப் பிடிச்சிதுன்னா உன்னைக் கூட்டிக்கினு போயிடுவாரு" என்றார்.

கேசட்டைக் கழற்றி அங்கே போட வேண்டியதுதானே என்று நான் நினைத்தேன். "அது தமிழ் பேசற மிஷின்னா இது தெலுங்கு பேசற மிஷின் கலை. முதல்லேர்ந்து மாத்தி எழுதணும்" என்றான் அண்ணன். மாமாவின் பெட்டிக்குள் நிறையக் கைகள் உண்டாம், ஒரே நேரத்தில் ஏழெட்டு சாமானைப் பிடித்துக்கொள்ளுமாம். இதற்கு மூன்றே கையாம். ஒன்றைக் கீழே வைத்தால்தான் இன்னொன்றைத் தூக்க முடியும். இடமும் பாதிதான், அதிலும் பெரும்பங்கை ஸ்கிரீனே தின்றுவிடும். அதனால் காக்கைக் கூட்டத்தில் சில காக்கைகளைக் குறைத்துவிட்டான். "காக்காவுக்குமாடா ரேஷன்?" என்று அப்பா சிரித்தார்.

ஆனால் ஒன்று மட்டும் அவனுக்குப் பெரிய சந்தோஷம். அண்ணன் டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்தவன். பிரெஞ்சுப் பெட்டியில் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தது அவனுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. "இந்த பிபிசியிலதான் எல்லா எழுத்தும் அது அது இடத்துல ஒழுங்கா இருக்குது" என்று மெச்சிக்கொள்வான். சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்று கிடைத்தபோதெல்லாம் உட்கார்ந்து எழுதி முடித்தான். தானே ஆடியும் பார்த்தான். வழக்கம்போல இரண்டாவது கூட்டத்தில் பேஜாரு. "அச்சு அசல் அதே ஆட்டம்" என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். எக்ஸிபிஷனில் ஆடிக் காட்ட நான் வர வேண்டும் என்று முடிவாயிற்று.

அன்றைக்கு அம்மா எனக்குத் தாவணி கட்டிவிட்டாள், பூ வைத்துவிட்டாள். அறை நிறையக் கூட்டம். மெட்ராஸ்காரர் டை கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். நான் உட்கார்ந்தேன். காக்கை வந்தது. மேலே போக மேல் கீயை அழுத்தினேன். பொம்மை கீழே போயிற்று. பதறிக் கீழ் கீயை அழுத்தினேன், மேலே போயிற்று. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் மூன்று உயிரும் போய், ஸ்கிரீன் நிறைய பேஜாரு. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "தலைகீழா போவுது! உன் மிஷினு தலைகீழா போவுது!" என்று கத்திவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வந்ததுதான், அப்போதும் அப்படி, இப்போதும் அப்படி.

அதற்குப் பிறகு நடந்ததை பாண்டுரங்கன் சார்தான் வந்து சொன்னார். அண்ணன் உட்கார்ந்து ஆடியிருக்கிறான். ஒழுங்காக ஓடியிருக்கிறது. மறுபடி ஆடியிருக்கிறான், அப்போதும் ஒழுங்காகத்தான். மெட்ராஸ்காரர் அவன் தோளில் கை போட்டு, "பிரமாதமா எழுதியிருக்கே தம்பி. ஆனா ஒரு சமயம் நேராப் போவுது, ஒரு சமயம் தலைகீழாப் போவுது. வந்து வந்து போற கோளாறு இருக்குதே, அதுதான் இருக்கறதுலயே மோசம். அதை மட்டும் சரி பண்ணி எனக்கு அனுப்பு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி விலாசம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அண்ணன் அனுப்பவே இல்லை. கோளாறைக் கண்டுபிடித்தால்தானே அனுப்புவான்? எழுதினதை எல்லாம் ஒரு வரி விடாமல் பார்த்தான். எங்கேயும் தப்பில்லை. ஆடிப் பார்த்தான், நேராகத்தான் போயிற்று. "எங்கியோ ஒளிஞ்சிக்கினு இருக்குது கலை. எனக்குத் தெரியல" என்பான். இன்னொரு தரம் வந்து ஆடு என்று கெஞ்சினான். "அந்தச் சனியனை நான் தொட மாட்டேன், போ" என்றேன். அப்புறம் அப்பாவுக்கு மூட்டை தூக்கி முதுகு போயிற்று. அண்ணன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். பள்ளிக்கூடத்தில் அந்த மிஷினைக் கழித்துப் போட்டபோது, பாண்டுரங்கன் சாரே சொல்லியனுப்பி அவனை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அன்றிலிருந்து இரண்டு பெட்டியும் அவன் வீட்டு அலமாரியில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எடுத்து வைத்துத் தேடுவான். நான் போகிற அன்றைக்கு மட்டும் துணி போட்டு மூடிவிடுவான். எங்களுக்குள் அந்தப் பேச்சே கிடையாது.

இத்தனையையும் மறுநாள் காலை பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே போனேன். கையில் அவித்த மல்லாட்டை ஒரு பை. கல்யாண ஜாக்கெட்டுகள் தைக்காமல் கிடந்தன, கிடக்கட்டும்.

போனால் அண்ணி சொன்னது சரிதான். மேஜை மேல் இரண்டு கம்ப்யூட்டரும் இருந்தன. அண்ணன் பழைய பனியன் துணியால் கீ இடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மூடுவதற்குத் துணியைத் தேடினான்.

"மூடாத. இன்னா அண்ணே இது, புள்ளையைத் தாரை வாக்கற மாதிரி உக்காந்துக்கினு?"

"ஒண்ணுமில்ல கலை. ரிட்டையர் ஆனா நிதானமா உக்காந்து கண்டுபிடிச்சிடலாம்னு இருந்தேன். இப்ப நேரம் இருக்குது, கோளாறுதான் ஆப்படல. எடை போட்டேன், அது வந்துச்சி. இது எனக்கு வரல. வராதுன்னு ஒத்துக்கினாத்தான் தூக்கம் வரும்போல." சிரிக்கப் பார்த்தான்.

"வை, நான் ஒரு ஆட்டம் போடறேன்" என்றேன்.

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீயா?"

"நான்தான். ஜல்தியா வை, எனக்குத் திரும்பிப் போய்த் தைக்க வேண்டிய வேலை இருக்குது."

முதலில் பாரிஸ் மாமாவின் பெட்டி. கேசட் சுழல்வதற்குப் புது ரப்பர் மாட்டி வைத்திருந்தான். கீச்சென்று கத்திக்கொண்டே ஆட்டம் ஏறியது. அந்தக் கத்தல் காதில் விழுந்ததும் எனக்கு எங்கள் ஒற்றை அறையும், வாசலில் நின்ற தெருவும், மல்லாட்டைத் தூசி படிந்த அப்பாவின் தோளும் அப்படியே வந்து நின்றன. பச்சைக் காக்கைகள் வந்தன. என் கை என்னைக் கேட்கவே இல்லை. முதல் கூட்டம் போயிற்று, இரண்டாவது போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. அண்ணி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்று, "அடியாத்தே!" என்றாள்.

"சரி, இப்ப அந்தச் சனியனை வை" என்று நாற்காலியை பிபிசி பக்கம் நகர்த்தினேன்.

காக்கை வந்தது. மேல் கீயை அழுத்தினேன். பொம்மை கீழே போயிற்று.

"தலைகீழா போவுது!" என்று கத்தினேன். அன்றைக்குக் கத்தின அதே கத்தல்.

அண்ணன் துள்ளி எழுந்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் முகத்தில் வருத்தமே இல்லை, முழுக்கச் சந்தோஷம். "போவுதா? நெசமாவே போவுதா? வந்துடுச்சா? கையை எடுக்காத கலை, அப்படியே இரு, அப்படியே இரு!" நாற்பது வருஷமாகத் தேடின திருடன் அகப்பட்ட மாதிரி ஸ்கிரீனிடம் ஓடிவந்து குனிந்தான். "இப்ப மேலே போ."

அழுத்தினேன். கீழே போயிற்று.

"கீழே போ." மேலே போயிற்று.

"எந்தக் கீயை அமுக்கறே?"

"மேல் கீ."

"மேல் கீன்னா எது? எழுத்தைச் சொல்லு."

"எழுத்து எனக்கின்னா தெரியும்? மேலே போவறதுக்கு மேல் கீ, கீழே போவறதுக்குக் கீழ் கீ. நான் என்னிக்கி எழுத்தைப் பாத்தேன்?"

அண்ணன் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுத்தான். முதல் தடவையாக என் கையைப் பார்த்தான். என் விரல் எந்தக் கீயில் இருக்கிறது என்று பார்த்தான். அப்புறம் பக்கத்தில் இருந்த பிரெஞ்சுப் பெட்டியை, அதே இடத்தில் இருக்கிற கீயைப் பார்த்தான். திரும்ப என் விரல். திரும்ப அந்தப் பெட்டி. மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு அவன் சொல்லித்தான் புரிந்தது. பிரெஞ்சுக்காரன் கீபோர்டில் இடது ஓரத்தில் மேலே இருப்பது 'ஏ', அதற்குக் கீழே 'க்யூ'. நம் ஊர்க் கீபோர்டில் மேலே 'க்யூ', கீழே 'ஏ'. அண்ணன் மாற்றி எழுதும்போது எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, 'ஏ' என்றால் மேலே, 'க்யூ' என்றால் கீழே என்பதை மட்டும் அப்படியே வைத்திருக்கிறான். டைப்ரைட்டிங் படித்தவன், எழுத்தைத் தேடி அழுத்துகிறவன், அவனுக்கு இரண்டு பெட்டியிலும் சரியாகவே போயிற்று. நான் இடத்தைத் தேடி அழுத்துகிறவள். எனக்கு மட்டும் தலைகீழ்.

"அப்போ கோளாறு எங்க இருந்துச்சி?" என்றாள் அண்ணி.

"எங்கியும் இல்ல சவுரி." அவன் குரலே மாறியிருந்தது. "நான் மிஷினையேதான் பாத்துக்கினு இருந்தேன். இவ கையை ஒரு தரம் பாக்கல. இவதானே ஆடறவ. இவ கையைப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்." பனியன் துணியை மடித்து மேஜை ஓரத்தில் வைத்தான். "அனுப்பியிருக்கலாம் கலை. மறுநாளே அனுப்பியிருக்கலாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? அந்த டை கட்டினவர் எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. பாரிஸ் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். "அந்தப் பிரெஞ்சுக்காரனுக்கு இன்னா கேடு? ஊரு ஒலகத்துல எல்லாரும் வெக்கிற மாதிரி எழுத்தை வெச்சித் தொலைச்சா இன்னா? கட்டையில போறவன்!" என்று பிரான்ஸ் தேசத்தையே வாரினேன். அண்ணன் சிரித்துவிட்டான். சிரிக்கச் சிரிக்க அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அண்ணி முந்தானையைக் கொடுத்தாள்.

அப்புறம் எழுந்து வந்து பிபிசி முன்னால் உட்கார்ந்தான். அண்ணி டீ ஆற்றுகிற நேரம்கூட ஆகவில்லை. எதையோ தட்டினான், அந்த இரண்டு கீக்கும் உள்ள எண்ணை மட்டும் மாற்றினான், எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தான்.

"ஆடு."

மேல் கீயை அழுத்தினேன். மேலே போயிற்று.

நான் ஆடிக்கொண்டிருக்கும்போது வாசலில் மணிச் சத்தம். பழைய சாமான்காரர் குமரேசன், மூன்று சக்கர வண்டியோடு. "சார், ரிப்பேர் கம்ப்யூட்டர் ரெண்டு இருக்குதுன்னீங்களே, எடுத்துக்கலாமா?"

அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தான். ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரிப்பேர்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்றான். "நல்லாத்தான் இருக்குது." பிறகு குமரேசனிடம் இல்லாமல் வேறு யாருக்கோ சொல்கிற மாதிரி, "அன்னிக்கே நல்லாத்தான் இருந்துச்சி" என்றான்.

எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. காக்கைகள் வந்துகொண்டே இருந்தன. துடைக்கக் கையை எடுத்தால் பேஜாரு. எடுக்காமல் ஆடினேன்.